எந்த கம்பெனி டயர் போடலாம்? வெயிலுக்கும் மழைக்கும் ஒரே காரை ஓட்டுபவர்களுக்கு

டயர் கடையில் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி நல்லது?" அதற்கு முன்னால் வண்டிக்கு என்ன அளவு, வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்ற இரண்டுக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த வேலை.

அளவைப் பார்க்க டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் போதும், உள்ளே ஸ்டிக்கர் இருக்கும். உதாரணத்துக்கு 185/65 ஆர்15 88ஹெச். 185 என்பது மி.மீ. கணக்கில் அகலம். சைடுவால், அதாவது டயரின் பக்கச்சுவர், அதன் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ரிம் 15 அங்குலம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும். இந்தக் கடைசி இரண்டிலும் ஸ்டிக்கரில் உள்ளதை விடக் குறைந்த டயரை வாங்காதீர்கள். 82 என்று இருந்தால் தாங்கும் எடை 475 கிலோதான். ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் ஏறும் நாளில் அந்த வித்தியாசம் டயரில் சூடாக வெளிப்படும்.

"அந்த அளவு ஸ்டாக் இல்லை, 195/65 போட்டுக்கலாம் சார்" என்பார்கள். 185/65-இன் மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ., 195/65-க்கு 634. ஏறக்குறைய 2 சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 102-இல் போகும். அதைவிட முக்கியம், அகலமான டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். மழைக்காலத்துக்காக டயர் மாற்றுகிறவர்கள் அகலத்தைக் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது கம்பெனி. எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர், யோகோஹாமா, மிஷெலின், கான்டினென்டல் என்று எதைக் கேட்டாலும் கார் டயர் கிடைக்கும். பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வது தவறு, ஏனென்றால் ஒரே கம்பெனிக்குள்ளேயே எதிரெதிர் குணமுள்ள டயர்கள் இருக்கின்றன. குட்இயரில் டியூராபிளஸ் நீண்ட நாள் உழைப்பதற்கு, ட்ரிப்பிள்மேக்ஸ் ஈரச் சாலையில் பிரேக் பிடிப்பதற்கு. சியட்டில் மைலேஜ் எக்ஸ்3 உழைப்புக்கு, செக்யூராடிரைவ் பிடிமானத்துக்கு. அப்பல்லோவில் அமேசர் ஒரு பக்கம், அல்நாக் இன்னொரு பக்கம். கடையில் கம்பெனி பெயரோடு மாடல் பெயரையும் கேளுங்கள். பில்லிலும் மாடல் பெயர் எழுதச் சொல்லுங்கள்.

இப்படி இரண்டு வகை இருப்பதற்குக் காரணம் ரப்பர் கலவை. கெட்டியான கலவை மெதுவாகத் தேயும், ஆனால் நனைந்த தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் சரியாக அமுங்காது. சிலிக்கா அதிகம் சேர்த்த கலவை ஈரத்தில் நன்றாகக் கவ்வும். எதை எடுப்பது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வருஷத்துக்கு 10,000 கி.மீ. ஓடும் வண்டி ஐந்து வருஷத்தில் 50,000 கி.மீ. ஓடியிருக்கும். அதற்குள் நம் ஊர் வெயிலில் ரப்பர் இறுகி, சைடுவாலில் மயிரிழை வெடிப்புகள் தெரிய ஆரம்பிக்கும். பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள்) மிச்சமிருந்தும் டயரைக் கழற்ற வேண்டிவரும். அப்படிப்பட்டவர் ஒரு லட்சம் கி.மீ. உழைக்கும் டயருக்கு ஆசைப்பட்டால், பயன்படுத்தப்போகாத ஆயுளுக்காக மழையில் பிரேக்கை விட்டுக்கொடுக்கிறார் என்று அர்த்தம். வீடு, ஆபீஸ், மாதம் ஒருமுறை சொந்த ஊர் என்று ஓட்டுகிறவர்களுக்கு ஈரப் பிடிமான வகைதான் சரி. மாதம் 3,000 கி.மீ. ஹைவேயில் ஓடும் வாடகை வண்டிக்கு உழைப்பு வகை நியாயம்.

சைடுவாலில் ட்ரெட்வேர், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று பொறித்திருந்தால் அதையும் படியுங்கள். ட்ரெட்வேர் எண் கூடினால் உழைப்பு கூடும். ஆனால் அந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியே சோதித்துத் தருவதால், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். டிராக்‌ஷன் ஈரச் சாலையில் நேராக பிரேக் அடித்துப் பார்த்தது, ஏஏ என்பது உச்சம். டெம்பரேச்சர் என்பது சூட்டைத் தாங்கும் திறன், அதில் ஏ இருப்பதை எடுங்கள், மே மாத மதியத்தில் சென்னை–திருச்சி சாலையில் அது உதவும். ஊட்டி, கொடைக்கானல் போவதற்காகக் குளிர்கால டயர் தேட வேண்டாம். அது 7 டிகிரிக்குக் கீழே நாள் கணக்கில் ஓடும் வண்டிகளுக்கானது. நம் வெயிலில் குழைந்து வேகமாகத் தேய்ந்துவிடும்.

மாடல் முடிவானதும் தேதி. சைடுவாலில் டாட் (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். ஆறு மாதத்துக்குள் தயாரானது கிடைத்தால் நல்லது, ஒரு வருஷத்தைத் தாண்டியதை மாற்றித் தரச் சொல்லுங்கள். நான்கு டயரையும் தனித்தனியே பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

மாட்டும்போதுதான் அதிகத் தவறு நடக்கிறது. சில டயர்களில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். சிலவற்றில் 'அவுட்சைடு' என்று எழுதியிருக்கும், அந்த எழுத்து வெளியே தெரிய வேண்டும். திருப்பி மாட்டினால் காய்ந்த சாலையில் ஒன்றும் தெரியாது. மழையில்தான் தண்ணீரை வெளியேற்றும் வேலை கெடும். டியூப்லெஸ் வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழைய வால்வின் ரப்பர் வழியாகக் காற்று மெதுவாகக் கசியலாம். பேலன்சிங்கும் வீல் அலைன்மென்டும் அன்றே முடிய வேண்டும்.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும். முன்சக்கர டிரைவ் வண்டிக்கும் இதேதான். பல கடைகளில் முன்னால் போடுவார்கள், மறுத்துச் சொல்லுங்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழலும், அதைச் சமாளிப்பது பழகியவர்களுக்கே கடினம்.

காற்றைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் சில பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அலகு) கூடுதலாகக் காட்டுவது இயல்பு, அதை இறக்கிவிடாதீர்கள். கோடையில் டயர் வெடிக்க முக்கியக் காரணம் காற்று குறைவு: சைடுவால் அதிகமாக மடங்கி மடங்கி உள்ளே சூடேறி, அடுக்குகள் பிரிந்துவிடும். ஸ்டெப்னியையும் மாதம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு இருக்கும், 1.6 மி.மீ. உயரம். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் சட்டப்படியே டயர் முடிந்தது. ஆனால் 3 மி.மீ.-க்குக் கீழே போனதுமே தண்ணீரில் பிடிமானம் வேகமாகக் குறையத் தொடங்கும். செப்டம்பரில் அளந்து பார்த்து 3-ஐத் தொட்டிருந்தால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.