‘20% கூடுதல்’ பாக்கெட்டா, ‘20% தள்ளுபடி’ பாக்கெட்டா?

ஒரே பொருளுக்கு ‘20% கூடுதல்’, ‘20% தள்ளுபடி’ என இரண்டும் இருந்தால், தள்ளுபடியையே எடுங்கள். 500 கிராம் வாஷிங் பவுடர் 100 ரூபாய் என்று வையுங்கள். கூடுதலில் 100 ரூபாய்க்கு 600 கிராம், அதாவது கிலோ சுமார் 167 ரூபாய். தள்ளுபடியில் 500 கிராம் 80 ரூபாய், கிலோ 160தான். ‘கூடுதல்’, ‘இலவசம்’ என்று பார்த்ததும் கை தானாக நீளும். கம்பெனிக்காரர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கம்பெனியோ அளவோ வேறாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் கிராம் விலையை ஒப்பிடுங்கள். கடைக்காரர் தனியாகக் குறைத்துத் தருவது அதில் சேர்ந்திருக்காது. அதை நீங்களே கழித்துக்கொள்ள வேண்டும்.