கிரேக்க வேரில் பிள்ளைக்கு ஒரு பேர்

பிள்ளை பிறந்து துடக்குக் கழிவு நெருங்கும்போது பேர் கேட்டு வருகிறவர்களில் அம்மம்மாமார்தான் கூட. பேரப்பிள்ளை லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும். "அங்கையும் கூப்பிட ஏலவேணும், எனக்கும் வாயில நுழையவேணும்" என்பார்கள். உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பித்ததில் கிரேக்க வேர்கள் எனக்குப் பழகிவிட்டன. அதனால் கைகொடுக்க முடிகிறது.

முதலில் பொருளை முடிவு செய்யுங்கள். ஒற்றைச் சொல்லே போதும் என்றால் வேலை சுலபம்: சோபியா ஞானம், ஐரீனி சமாதானம், சோயி உயிர்.

இரண்டு வேரைச் சேர்ப்பதில்தான் அழகு இருக்கிறது. தெயோஸ் என்றால் கடவுள், டோரொன் என்றால் கொடை. முன்சொல்லின் 'ஓஸ்' கழன்று நடுவில் ஓர் 'ஓ' நிற்கும். பெண்பிள்ளைக்கு முடிவில் 'ஆ' வரும். தியோடோரா. அதையே திருப்பிப் போட்டால் டொரோத்தியா. பொருள் இரண்டிலும் கடவுள் தந்த கொடைதான். பிள்ளை விசாகம் என்றால் 'தி' எழுத்துக்கு முதலாவது பொருந்தும். ஆயிலியம் என்றால் 'டோ'வை ஒட்டி மற்றது. சாத்திரம் பார்க்கிற வீட்டுக்கும் இதில் மனக்குறை இராது.

பின்சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த 'ஓ' வராது. பிலோஸ், விரும்புகிறவர், இப்போஸ், குதிரை. சேர்ந்தால் பிலிப்போஸ். யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர்ப் பக்கம் நாம் கூப்பிடுகிற பிலிப்பு இவர்தான், குதிரைப் பிரியர்! ஆண்பிள்ளைக்கு 'ஓஸ்' கிரேக்க முடிவு. தமிழில் அதை விட்டாலும் பிழையில்லை.

மிகக் கவனம் வேண்டிய இடம், ஒலியில் ஒட்டி நிற்கும் வேர்கள். மெலி தேன், மெலோஸ் பாட்டு, மெலாஸ் கருமை. மெலிசா என்றால் தேனீ. மெலனி தேனிலிருந்து வரவில்லை, கருமையிலிருந்து வந்தது. (கருமையும் நல்ல பொருள்தான், கண்ணனுக்கே அது பேர்.) தெரிந்து வைத்தால் சரி.

அப்புறம், பேரைத் தமிழில் எழுதி உரக்க வாசியுங்கள். கலீனி என்றால் அலையடங்கிய கடலின் அமைதி. எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் நம் எழுத்தில் முன்னுக்கு நிற்பது 'கலி'. ஆச்சிமார் முகம் சுளிப்பார்கள். அந்த வீட்டுக்கு ஐரீனியைத்தான் சொல்வேன்.

பதிவுக்குப் போகுமுன் தாயும் தகப்பனும் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் ஒரே தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்று யோசிக்க ஆறுதல் கிடைக்காது.