இரண்டு நாள் வெயிலை நம்பி மண்வெட்டியைத் தூக்காதீர்கள்

குளிர்காலம் முடியப்போகிற நேரத்தில் திடீரென்று இரண்டு நாள் நல்ல வெயில் அடிக்கும். கூரைப் பனி சொட்டுச் சொட்டாக உருகும். மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த தோட்டக்காரருக்குக் கை சும்மா இருக்காது. வட அரைக்கோளத்தில் பிப்ரவரி, மார்ச் வாக்கிலும், தென் அரைக்கோளத்தில் ஆகஸ்ட் வாக்கிலும் வரும் இந்த வெயில்தான் தோட்டத்தில் நடக்கும் பாதித் தவறுகளுக்குக் காரணம் என்பேன். நாம் காற்றின் சூட்டை வைத்துக் கணக்குப் போடுகிறோம், வேரோ மண்ணின் சூட்டை வைத்துக் கணக்குப் போடுகிறது. காற்று ஒரே மதியத்தில் சூடாகிவிடும். மண்ணுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஈர மண்ணைக் கொத்துவதில் இருந்து ஆரம்பிக்கலாம். அடி மண் இன்னும் உறைந்திருக்க, உருகிய நீர் இறங்க வழியில்லாமல் மேல் மண் சொதசொதவென்று கிடக்கும். அதில் ஏறி மிதித்தாலோ மண்வெட்டி போட்டாலோ, மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்றுப் பொந்துகள் நசுங்கிப்போகும். களிமண் என்றால் கேட்கவே வேண்டாம். காய்ந்ததும் செங்கல் போல இறுகிவிடும். அந்தப் பருவம் முழுக்க வேரும் சரியாக இறங்காது, தண்ணீரும் இறங்காது. பதம் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு விரல் ஆழத்தில் இருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். பிறகு கட்டைவிரலால் தட்டுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். பிசைந்த மாவு போல உருண்டையாகவே நின்றால், மண்வெட்டியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விடுங்கள். பாத்திக்குள் போயே ஆகவேண்டும் என்றால் ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள், எடை பரவிவிடும். உறைந்த புல்தரையிலும் நடக்கக் கூடாது. புல்லுக்குள் இருக்கும் நீர் உறைந்திருக்கும்போது மிதித்தால் இழைகள் முறிந்துபோகும். சில நாள் கழித்து உங்கள் காலடிகள் பழுப்புத் தடமாகத் தெரியும்.

குளிர்ந்த மண்ணில் ரசாயன உரம் போடுவது காசைத் தண்ணீரில் கரைப்பதுதான். நைட்ரேட் வடிவில் இருக்கும் தழைச்சத்து மழையோடும் உருகும் பனியோடும் வேருக்குக் கீழே ஓடிவிடும், வேர் இன்னும் உறிஞ்சத் தொடங்கியே இருக்காது. மட்கு உரத்துக்கு இந்தக் கவலை இல்லை. மேலே பரப்பிவிட்டால் போதும், மண்புழு பார்த்துக்கொள்ளும். சுண்ணாம்பு போடுவதாக இருந்தால் முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். சுண்ணாம்பையும் புதுச் சாணத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள், தழைச்சத்து அமோனியா வாயுவாகப் பறந்துவிடும்.

இனி கவாத்து. ஒரு வருடப் பூவை முழுதாகக் கோட்டைவிடுவது இங்கேதான். இலையுதிர்ந்து குச்சி குச்சியாக நிற்கும் செடியைக் கண்டாலே வெட்டத் தோன்றும். கத்தரியை எடுக்கும் முன் ஒன்று தெரிந்தாக வேண்டும்: இந்தச் செடி பூப்பது பழைய குச்சியிலா, புதுத் தளிரிலா? லைலாக், ஃபோர்சித்தியா போன்ற பூப்புதர்கள் போன வருடமே மொட்டுக் கட்டி வைத்துவிட்டுத்தான் உறங்கப் போகின்றன. இப்போது வெட்டினால் அந்த மொட்டுகளும் சேர்ந்து போய்விடும். செடிக்கு ஒன்றும் ஆகாது, இன்னும் செழிப்பாகவே தழையும். பூ மட்டும் வராது. இவற்றைப் பூத்து ஓய்ந்த உடனே வெட்ட வேண்டும்.

ஹைட்ரேஞ்சியாவைப் போல ஆளைக் குழப்பும் செடி வேறில்லை. பெரிய இலையும் பந்து போன்ற பூங்கொத்தும் உள்ள மேக்ரோஃபில்லா வகை பெரும்பாலும் பழைய குச்சியில் பூக்கும். அதில் காய்ந்த பூத்தலையை மட்டும், கீழே தெரியும் முதல் தடித்த மொட்டு ஜோடிக்குச் சற்று மேலே வெட்டி எடுத்தால் போதும். கூம்பு வடிவத்தில் பூக்கும் பேனிகுலாட்டா வகை புதுத் தளிரில் பூக்கும், அதை இப்போதுதான் கவாத்து செய்ய வேண்டும். இரண்டும் ஒரே பெயரில், பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் விற்பனைக்கு நிற்கும்! உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு வருடம் கத்தரி படாமல் விட்டுப் பாருங்கள். பூக்கும் இடத்தைப் பார்த்தாலே விளங்கிவிடும்.

பழ மரங்களிலும் இப்படிப் பேதம் உண்டு. ஆப்பிளையும் பேரியையும் கடும் உறைபனி இல்லாத நாளாகப் பார்த்து இப்போது வெட்டலாம். பிளம், செர்ரி பக்கம் போகாதீர்கள். குளிரும் ஈரமுமாக இருக்கும் நாட்களில் வெட்டினால் வெள்ளி இலை நோய்ப் பூஞ்சை வெட்டுக்காயத்தின் வழியே உள்ளே நுழைந்துவிடும். அவற்றுக்குக் கோடையில் வரும் ஒரு வறண்ட நாள்தான் ஏற்றது. திராட்சைக் கொடியைப் பிந்தி வெட்டினால் வெட்டுவாயில் இருந்து சாறு நாள் கணக்கில் வடியும். பார்க்கத்தான் பதறும், கொடி அதனால் சாவது அரிது.

பெரிய கிளையை அறுக்கும்போது தண்டோடு தேய்த்து மொழுமொழுவென்று அறுப்பது பழைய பழக்கம். கிளை தண்டில் சேரும் இடத்தில் புடைத்த ஒரு கழுத்துப் பட்டை தெரியும். அதைத் தொடாமல் அதற்கு வெளியே அறுக்க வேண்டும். அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்தவர். நம் தோலைப் போல மரம் காயத்தைப் புதுத் திசுவால் மாற்றிக்கொள்வதில்லை, அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைக்கிறது என்பதை 1970களில் அவர் எடுத்துக்காட்டினார். அந்தச் சுவர் எழும்புவதில் கழுத்துப் பட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. வெட்டுவாயில் பெயின்ட்டோ தாரோ பூசுவதால் அழுகல் நிற்காது என்பதும் அவர் ஆய்வில் தெரிந்தது. இன்னமும் டப்பாவோடு மரத்தடியில் நிற்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

கத்தரியைச் சாணை பிடித்து, மரத்துக்கு மரம் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டால் கருவி வேலை முடிந்தது.

துப்புரவுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த பூந்தண்டுகளின் துளைக்குள் தனித்தேனீக்கள் உறங்கிக்கொண்டிருக்கும், சருகுக்கு அடியில் பொறிவண்டுகள் இருக்கும். கோடையில் உங்கள் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்னப்போவது அந்தப் பொறிவண்டுகள்தான். பகல் வெப்பம் தொடர்ந்து 10 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வரை அவற்றைக் கலைக்க வேண்டாம். பொறுக்கவே முடியவில்லை என்றால் தண்டுகளை வெட்டிக் கட்டாகக் கட்டி ஒரு மூலையில் சாய்த்து வையுங்கள். ரோஜாவின் கரும்புள்ளி இலைகளைப் போல நோய் பிடித்தவற்றை மட்டும் இப்போதே அகற்றிவிடலாம். மண்ணின் மேல் சருகும் வைக்கோலுமாகப் போட்ட மூடாக்கை விலக்கவும் அவசரம் வேண்டாம். இரவில் உறைந்து பகலில் இளகும் மண் புதிதாக நட்ட செடிகளை வேரோடு மேலே தள்ளிவிடும். அப்படி எழும்பி நிற்கும் செடியைப் பார்த்தால் மெதுவாக உள்ளே அழுத்தி மண் அணையுங்கள்.

விதை விஷயத்தில் நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வருடம் கடைசி உறைபனிக்கு 12 வாரம் முன்பே தக்காளி விதைத்தேன். ஜன்னலோர வெளிச்சம் போதாமல் நாற்றுகள் வெளிறி, நூல் போல நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. வெளியே நடும்போது வேர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி முடிச்சாகிவிட்டிருந்தது. ஐந்து வாரம் பிந்தி விதைத்த இன்னொரு தட்டு நாற்று ஜூலைக்குள் அவற்றை முந்திவிட்டது. தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், மிளகாய்க்கு 8 முதல் 10 வாரம், வெள்ளரி, பூசணிக்கு 3 முதல் 4 வாரம் என்று கடைசி உறைபனித் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அந்தத் தேதியே ஒரு சராசரிதான் என்பதும் நினைவிருக்கட்டும், பல வருடங்களில் உறைபனி அதற்குப் பிறகும் வரும். முளைத்த நாற்றுக்கு விளக்கு வைத்து ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கொடுங்கள். தண்ணீரை அடித்தட்டில் ஊற்றுங்கள். எப்போதும் நனைந்தே கிடக்கும் மேல் மண்ணில்தான் நாற்றழுகல் தொடங்கும், ஒரே ராத்திரியில் தட்டு முழுக்கச் சரிந்துவிடும்.

பழைய விதைப் பொட்டலத்தை நம்பி ஒரு பாத்தியையே ஒதுக்காதீர்கள். 10 விதைகளை ஈரக் காகிதத்தில் சுற்றிக் கதகதப்பான இடத்தில் வைத்து எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தக்காளி விதை நாலைந்து வருடம் தாங்கும். வெங்காய விதை அடுத்த வருடமே தளர்ந்துவிடும்.

நேரடியாக மண்ணில் விதைப்பதற்கு ஒரு மண் வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்ளலாம். காலையில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் செருகிப் பாருங்கள். 7 டிகிரி காட்டினால் பட்டாணி போடலாம். பீன்ஸுக்கு 15 டிகிரியாவது வேண்டும். அதற்கு முன் போட்ட பீன்ஸை இரண்டு வாரம் கழித்துத் தோண்டிப் பாருங்கள், கையில் கொழகொழவென்று ஒட்டும்.