திருச்சியில் இறங்கியதும் பிள்ளைகள் பர்கர் கேட்டால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கமிருந்து தமிழ்நாட்டு ஊருக்குப் போகும் குடும்பங்களில் பெரியவர்களால் தொல்லை கிடையாது. இட்லியும் பொங்கலும் அவர்களுக்குப் போதும். இரண்டு மூன்று நாளில் முகம் சுளிக்க ஆரம்பிப்பது பிள்ளைகள்தான். "இங்க கேஎஃப்சி இல்லையா பாட்டி?" என்பார்கள். இருக்கிறது. மெக்டொனால்ட்ஸும் டோமினோஸும்கூட இருக்கின்றன. பெயர்ப்பலகைதான் ஒன்று, மெனு வேறு. அதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் நல்லது.

முதலில் மாட்டிறைச்சி. இங்கே மலேசியாவில் மெக்டொனால்ட்ஸின் பிக் மேக் பர்கர் என்றால் மாடு. அதனால் நம்மில் பலர் கோழியா மீனா என்று பார்த்துத்தான் வாங்குவோம். அங்கே அந்தக் கவலை வேண்டாம். 1996 அக்டோபரில் டில்லியில் முதல் கடையைத் திறந்தபோதே இந்திய மெக்டொனால்ட்ஸ் மாட்டையும் பன்றியையும் ஒதுக்கிவிட்டது. பிக் மேக்குக்குப் பதில் மகாராஜா மேக் வந்தது. ஆரம்பத்தில் ஆட்டுக்கறி, அப்புறம் கோழி.

இதைவிடப் பெரிய வித்தியாசம் சைவம். புரட்டாசி விரதத்தில் இருக்கும் அம்மாவை இங்கே பர்கர் கடைக்கு அழைத்துப் போனால், பிரெஞ்சு ஃபிரைஸைக் கொறித்தபடி நம் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். பழனிக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்களுக்கு அங்கே அந்த நிலை இல்லை. மெக்டொனால்ட்ஸில் மெக்ஆலு டிக்கி பர்கர் கேளுங்கள்: உருளைக்கிழங்கும் பட்டாணியும் மசித்துப் பொரித்த வடை, வெங்காயம், தக்காளி, இனிப்பும் புளிப்புமாக ஒரு சாஸ். சூடாகச் சாப்பிட்டால் ருசி, ஆறினால் மாவுதான். மெக்டொனால்ட்ஸ் சமையலறையில் சைவத்துக்குத் தனி இடம், தனி எண்ணெய். சைவ பர்கரில் தடவும் மயோனைஸில் முட்டையும் இல்லை. டோமினோஸில் பனீர் பீட்சா பல வகை. கேஎஃப்சியிலும் சைவ பர்கர் உண்டு, ஆனால் பொரித்த கோழி வாசத்துக்கு நடுவில் விரதக்காரரை உட்கார வைப்பது பாவம்.

பொட்டலம், மெனு இரண்டிலும் குறியைப் பாருங்கள். பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி என்றால் சைவம். அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். பழைய அச்சில் அதுவும் புள்ளியாகவே இருக்கும். முட்டை சேர்ந்தால் அங்கே அசைவக் கணக்குதான்.

இப்போது காசு. ஒரு ரிங்கிட்டுக்கு எத்தனை ரூபாய் என்று போகும்போது பார்த்து மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் தெருமுனை வடைக்கும் சமோசாவுக்கும் எதிராகக் கடை போட்ட இந்த நிறுவனங்கள், விலையை இறக்காமல் ஆளைப் பிடிக்க முடியவில்லை. 2004-இல் மெக்டொனால்ட்ஸ் 20 ரூபாய் மெனு போட்டது. டோமினோஸ் 35 ரூபாய்க்குக் குட்டி பீட்சா விற்றது. அந்த விலை இன்று கிடையாது என்றாலும், கல்லூரிப் பிள்ளைகளை மனதில் வைத்து ஓரிரு மலிவுச் சாமான்களை மெனுவில் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலும் சைவம்தான். அளவு சிறியது, அதனால் வளர்ந்த பையனுக்கு இரண்டு வாங்குங்கள். கோழிப் பக்கம் போய், பானம், ஃபிரைஸ் என்று செட்டாக வாங்கினால் அந்த மலிவெல்லாம் போய்விடும். போட்டிருக்கும் விலைக்கு மேல் 5 விழுக்காடு ஜிஎஸ்டி வரலாம். விமான நிலையக் கடையில் விலையே கூடுதல். ரொக்கமாகக் கொஞ்சம் ரூபாய் கையில் இருக்கட்டும். அங்கே எல்லாரும் போனைக் காட்டித்தான் கட்டுகிறார்கள், நம் போனில் அது எப்போதும் நடக்காது.

சாஸ் விஷயத்தில் நம் பிள்ளைகள் ஏமாறுவார்கள். கோழிக்கு நாம் தாராளமாக ஊற்றிக்கொள்ளும் சில்லி சாஸை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். கையில் கொடுப்பது தக்காளி சாஸ் பாக்கெட். டோமினோஸில் இடித்த மிளகாயும் ஓரிகானோ என்ற காய்ந்த இலைத்தூளும் சிறு பொட்டலமாகத் தருவார்கள். சில்லி சாஸ் இல்லாமல் சாப்பிடாத பிள்ளை என்றால் இங்கிருந்தே நாலு பாக்கெட்டைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். நம்ம ஜொகூர் பாருவில் 1981-இல் தொடங்கிய மேரிபிரவுன்கூட சென்னைக்குப் போயிருக்கிறது, கண்ணில் பட்டால் பிள்ளைகள் குதிப்பார்கள்.

காலையில் மட்டும் இந்தக் கடைகள் பக்கம் போகாதீர்கள். 2017-இல் மெக்டொனால்ட்ஸ் காலை மெனுவில் மசாலா தோசை ருசியில் ஒரு பர்கரைக் கொடுத்துப் பார்த்தது. மும்பைக்காரர்களுக்குச் சரி. தமிழ்நாட்டில் நிற்கிற நாம் பக்கத்துத் தெரு மெஸ்ஸில் பசியாறிவிட்டு, பர்கரை மாலைக்குத் தள்ளி வைக்கலாம்.