பல நாள் மவுண்டன் பைக் பந்தயம்: தேர்வு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாளுக்கு ஒரு கட்டம் (ஸ்டேஜ்) என்று பல நாள் ஓடும் ஸ்டேஜ் ரேஸ் ஒன்றுக்குப் பெயர் கொடுக்கும்போது பெரும்பாலானவர்கள் பார்ப்பது மொத்தத் தூரத்தையும் நாட்களின் எண்ணிக்கையையும்தான். ஒன்றை மற்றதால் வகுத்து, "ஒரு நாளைக்கு 80 கி.மீ. தானே, ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற தூரம்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மலைப்பாதையில் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சைக்கிள் மேல் இருக்க வேண்டிவரும், மறுநாள் காலைக்குள் உடம்பு தேற எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பதே அளவுகோல். எந்தப் பந்தயத்தையும் முதலில் மணிக்கணக்காக மாற்றிப் பாருங்கள்.

தூரத்தை நம்புவது

மொத்த ஏற்றத்தை மீட்டரில் எடுத்துத் தூரத்தால் வகுங்கள். ஒரு கி.மீ.க்கு 15 மீட்டர் வரை இருந்தால் ஓரளவு பயிற்சி உள்ளவர் சமாளிக்கலாம். 25ஐத் தாண்டினால் அது கடினமான நாள். 30க்கு மேல் போனால் சில இடங்களில் இறங்கித் தள்ள வேண்டிவரும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளும் வேகம் மணிக்கு 3, 4 கி.மீ.தான்; 5 கி.மீ. தள்ளினால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். இந்தத் தகவலை விளம்பரத்தில் போட மாட்டார்கள், ஏற்பாட்டாளரிடம் நேராகக் கேட்க வேண்டும்.

ஏற்றம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்பதும் முக்கியம். 2,000 மீட்டர் ஏற்றம் இரண்டு நீண்ட ஜீப் பாதைகளில் வந்தால் ஒரே தாளத்தில் மிதித்து ஏறிவிடலாம். அதே 2,000 மீட்டர் நாற்பது குட்டி மேடுகளாக வந்தால் ஒவ்வொன்றிலும் முழு பலத்தையும் போட வேண்டும். மாலைக்குள் கால் காலியாகிவிடும். கனடாவின் பிசி பைக் ரேஸ் போல ஒற்றையடிப் பாதைக்குப் பெயர்போன பந்தயங்களில் தூரம் குறைவாகத் தெரியும். ஆனால் வேரும் பாறையுமான இறக்கத்தில் கை, தோள், முதுகு மூன்றுக்கும் ஓய்வே கிடையாது. ஏழாம் நாள் பிரேக் பிடிக்க விரல் மடங்காத நிலைக்கு வருபவர்கள், பெரும்பாலும் ஜீப் பாதையில் மட்டும் பயிற்சி செய்தவர்கள்.

கட்-ஆஃப் நேரத்தைக் கணக்குப் போடாதது

கட்-ஆஃப் என்பது ஒரு ஸ்டேஜை முடிக்கத் தரப்படும் அதிகபட்ச நேரம். இதுதான் அதிகம் பேரை வீட்டுக்கு அனுப்பும் தவறு. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்டேஜ் 85 கி.மீ., ஏற்றம் 2,500 மீட்டர், கட்-ஆஃப் 9 மணி நேரம். நீங்கள் ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் உயரம் ஏறக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு மட்டும் 4 மணி 10 நிமிடம். சராசரிச் சரிவு 7 சதவீதம் என்றால் ஏற்றத்திலேயே சுமார் 36 கி.மீ. முடிந்துவிடும். மீதி 49 கி.மீ.யில் 20 கி.மீ. சமதளத்தை மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 1 மணி 7 நிமிடம். 29 கி.மீ. கடினமான இறக்கத்தை 12 கி.மீ. வேகத்தில் இறங்கினால் 2 மணி 25 நிமிடம். வழியில் உணவும் தண்ணீரும் தரும் மூன்று ஃபீட் ஸ்டேஷனில் தலா 8 நிமிடம். மொத்தம் 8 மணி 6 நிமிடம்.

ஒரு மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் இது முதல் நாள் கணக்கு. நான்காம் நாள் ஏறும் வேகம் 520 மீட்டராகக் குறைந்தால் ஏற்றத்துக்கு மட்டும் 38 நிமிடம் கூடுகிறது. மொத்தம் 8 மணி 44 நிமிடம். மிச்சம் 16 நிமிடம். ஒரு பஞ்சர் ஆனாலோ, இரவு மழை பெய்து பாதை சகதியானாலோ ஆட்டம் முடிந்தது. சோர்ந்த நாளின் கணக்கிலும் குறைந்தது ஒரு மணி நேரம் மிஞ்சாத பந்தயத்தை அந்த ஆண்டு தேர்வு செய்யாதீர்கள்.

இன்னொரு நம்பகமான வழி, முந்தைய ஆண்டுகளின் முடிவுப் பட்டியல். நீங்கள் ஓட்டிய ஒரு நாள் பந்தயத்தில் உங்கள் நேரத்தை வென்றவர் நேரத்தால் வகுங்கள், 1.8 வருகிறது என்று வையுங்கள். இப்போது ஸ்டேஜ் ரேஸின் முதல் நாளில் வென்றவரைவிட 1.8 மடங்கு எடுத்தவர்களைத் தேடி, ஐந்தாம் நாள் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அதே விகிதத்தில் நீடித்தார்களா, 2.2க்குச் சரிந்தார்களா, பட்டியலிலேயே இல்லையா? எந்தப் பயிற்சியாளரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது. வென்றவர்கள் தரம் பந்தயத்துக்குப் பந்தயம் மாறும் என்பதால் இரண்டு மூன்று பந்தயங்களின் விகிதத்தை எடுத்துக்கொள்வது நல்லது.

கட்-ஆஃப் தவறினால் என்ன ஆகும் என்பதையும் விதிகளில் படியுங்கள். சில பந்தயங்களில் அத்தோடு சரி. வேறு சிலவற்றில் தரவரிசை இல்லாமல் மறுநாள் ஓட்ட விடுவார்கள். முதல்முறை போகிறவருக்கு இந்த இரண்டாம் வகை பெரிய நிம்மதி.

ஓய்வு நேரத்தைக் கணக்கில் சேர்க்காதது

காலை 7 மணிக்குக் கிளம்பி மாலை 3:45க்கு முடிக்கிறீர்கள். சைக்கிள் கழுவ வரிசை, குளியல், சாப்பாடு, மெக்கானிக், மறுநாள் பாதை பற்றிய விளக்கக் கூட்டம். அதிகாலை 5 மணிக்கு எழ வேண்டும் என்றால் 9 மணிக்குள் படுத்தாக வேண்டும். தினமும் இடம் மாறும் பந்தயத்தில் கூடாரமும் மூட்டை கட்டுவதும் இதில் இன்னும் ஒரு மணி நேரத்தைத் தின்னும். அமெரிக்காவின் பிரெக் எபிக் போல ஆறு நாளும் ஒரே ஊரில் தொடங்கி அதே ஊரில் முடியும் பந்தயத்தில் ஒரே கட்டிலில் தூங்கலாம். ஆனால் அந்த ஊரான பிரெக்கன்ரிட்ஜ் சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாழ்நிலத்திலிருந்து முந்தின நாள் போய் இறங்கினால் கட்டிலில் படுத்தும் தூக்கம் வராது.

துணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக், சுவிட்சர்லாந்தின் ஸ்விஸ் எபிக் போன்றவை இருவர் அணிப் பந்தயங்கள். கேப் எபிக்கில் இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது. விழுந்தால் தண்டனை நேரம். எனவே உங்கள் வேகம் என்பது எப்போதும் இருவரில் மெதுவானவரின் வேகம். ஏறும் வேகத்தில் 5 சதவீத வித்தியாசம் என்றால் வலுவானவர் காற்றை மறைத்து முன்னே ஓட்டி ஈடுகட்டலாம். 15 சதவீதம் என்றால் ஒருவர் தினமும் தன் எல்லையைத் தாண்டி ஓட்டி மூன்றாம் நாளே உடைந்துபோவார், மற்றவர் குளிரில் காத்து நிற்பார். ஒருவர் ஏற்றத்திலும் மற்றவர் இறக்கத்திலும் கெட்டி என்ற ஜோடி கேட்க அழகாக இருக்கும். பாதையில் இருவருமே மாறி மாறிக் காத்திருப்பார்கள்.

பதிவு செய்வதற்கு முன் தொடர்ந்து மூன்று நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம், சேர்ந்து ஓட்டிப் பாருங்கள். முடித்தால் போதுமா, தரவரிசை வேண்டுமா, ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் மற்றவர் தொடர்வாரா என்பதையெல்லாம் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். துணை விலகினால் தனியாகத் தொடர விதி இடம் தருகிறதா என்பதும் பந்தயத்துக்குப் பந்தயம் மாறும்.

உயரமும் வெயிலும்

நேபாளத்தின் யாக் அட்டாக் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைக் கடக்கும் பந்தயம். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு தருவது மலை மருத்துவத்தின் பொது விதி. அட்டவணை இதற்கு இடம் தராவிட்டால் முன்கூட்டியே போய் உடம்பைப் பழக்க வேண்டும். வெயிலுக்குப் பழகவும் 10 முதல் 14 நாள் பிடிக்கும். கோஸ்டாரிகாவின் லா ருட்டா பசிபிக் கரையில் தொடங்கிக் கரீபியன் கரையில் மூன்றே நாளில் முடிகிறது. நடுவில் புழுக்கம், சகதி, மலைக்குளிர் எல்லாம் உண்டு. நாட்கள் குறைவு என்பதால் தொடக்கநிலைக்காரர்கள் அதைத் தேர்வு செய்வது தவறு.

கையில் இருக்கும் சைக்கிள்

நேரம் அளக்கும் முழுத்தூரப் பந்தயத்துக்கு 100 முதல் 120 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள வண்டி போதும். இறக்கத்தில் மட்டும் நேரம் அளக்கும் எண்டியூரோ வகைக்கு 140 மி.மீ.க்கு மேல் வேண்டும். வகை தெரியாமல் பதிவு செய்துவிட்டு வண்டி தேடாதீர்கள். மழை வரக்கூடிய இடமென்றால் ரெசின் பிரேக் பேட் ஒரே நாளில் தேய்ந்து போகலாம். மெட்டாலிக் பேட் இரண்டு ஜோடி கூடுதலாக வையுங்கள். உங்கள் ஃப்ரேமுக்கே உரிய டீரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியை ஃப்ரேமோடு இணைக்கும் சிறு உலோகத் துண்டு) இரண்டு கட்டாயம், ஏனெனில் பந்தய முகாம் மெக்கானிக்கிடம் அந்த மாடல் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

பணம் கட்டும் முன்

பதிவுக் கட்டணத்தில் எது அடங்கும், எது அடங்காது என்று வரிவரியாகப் படியுங்கள்: தங்குமிடம், பை போக்குவரத்து, மெக்கானிக், முடிவிடத்திலிருந்து திரும்பும் வண்டி. காப்பீட்டில் "போட்டி" என்ற சொல்லே பல பாலிசிகளில் விலக்குப் பட்டியலில் இருக்கும். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் உறுதி வாங்குங்கள். எலும்பு முறிந்தால் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்ற முடியுமா, வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா, அதற்குக் கடைசித் தேதி என்ன? அந்தத் தேதியைக் குறித்து வைத்து, அதற்கு மூன்று வாரம் முன்பே நான்கு நாள் தொடர் ஓட்டம் ஒன்றை முடித்துவிடுங்கள். அதில் தேறாவிட்டால் பதிவை மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும்.