வால்வை மூடினால் ‘டொம்’ என்கிறதா?

சொட்டுநீர் லைனில் பால் வால்வை (உள்ளே உருண்டை இருக்கும், கைப்பிடியைத் திருப்பினால் மூடும் வால்வு) பட்டென்று மூடினால், ஓடிவந்த தண்ணீர் முட்டி நிற்கும். பி.வி.சி. குழாயில் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் அப்படி நின்றால், ஏற்கெனவே உள்ள அழுத்தத்துக்கு மேல் சதுர செ.மீ.க்குச் சுமார் 5 கிலோ ஏறும். 4 கிலோ அழுத்தம் தாங்கும் குழாய் என்ன செய்யும்? பெரும்பாலும் எல்போ என்ற வளைவு இணைப்பில்தான் பிளக்கும். பசை மேல் பழி போடுவோம்.

அடுத்த பாத்தியின் வால்வை முழுதாகத் திறந்த பிறகே பழையதை மூடுங்கள், நிதானமாக, பத்துப் பதினைந்து விநாடி எடுத்து. கடைசிக் கால் பங்கில்தான் ஆபத்து. அங்கே இன்னும் மெதுவாக.

மோட்டார் போடும்போது கேட் வால்வு கால் பங்கு திறந்திருந்தால் போதும். லைன் நிரம்பி, காற்று வெளியேறியபின் முழுதாகத் திறக்கலாம். மேட்டில் காற்றை வெளியேற்றும் ஏர் வால்வு கட்டாயம். ஆட்டோ ஸ்டார்ட்டர் இதையெல்லாம் பார்க்காது, கரண்டு வந்ததும் காலி லைனில் தண்ணீரை அடித்துவிடும்.

கரண்டு போனால் மேட்டுத் தண்ணீர் திரும்பி வந்து, பின்னோட்டத்தைத் தடுக்கும் செக் வால்வை அறையும். ஸ்பிரிங் வைத்த செக் வால்வு தண்ணீர் திரும்பும் முன்பே மூடிக்கொள்ளும். வளைவுகளுக்குப் பின்னால் கான்கிரீட் முட்டு கொடுங்கள். வேகம் அந்த 1.5 மீட்டரைத் தாண்டாமல் இருக்க, 63 மி.மீ. குழாயில் நிமிடத்துக்கு 250 லிட்டருக்கு மேல் தள்ளாதீர்கள்.