கூரையை அழித்தார், படம் போனது: போட்டோ கிளப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜனவரியில் லால்பாக் மலர்க் கண்காட்சி முடிந்த கையோடு எங்கள் கிளப்புக்குப் புதிய முகங்கள் வரத் தொடங்கும். கண்ணாடி மாளிகைக்குள் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு படம் எடுத்தபோது பக்கத்தில் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்து, "மாசம் ஒரு தடவை கூடுவோம், வாங்க" என்று கேட்டு வந்தவர்கள். பெங்களூரில் அல்சூர் பக்கம் நடக்கும் சின்ன போட்டோ கிளப் இது. பாதிப் பேச்சு தமிழில்தான் ஓடும். மாதத்துக்கு ஒரு போட்டி, ஞாயிறு விடியற்காலையில் எங்காவது ஒரு நடை, வருடத்துக்கு ஒரு கண்காட்சி, நடுவில் சலோன் என்று வெளியே நடக்கும் பெரிய போட்டிகளுக்குப் படம் அனுப்புவது. அவ்வளவுதான்.

புதிதாக வருபவர்கள் அனுப்பும் படங்களை வரிசையாகப் பார்க்கும்போது, நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குவது தெரிகிறது. அடிவானம் கோணலாக இருப்பது, கண்ணில் ஃபோகஸ் தவறுவது, தலைக்கு மேல் கம்பம் முளைப்பது இதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. இரண்டு மூன்று கூட்டத்துக்கு வந்தால் யாராவது சொல்லிவிடுவார்கள், தானே சரியாகிவிடும். நல்ல படம் கையில் இருந்தும் வெளியே தள்ளப்பட வைக்கும் தவறுகள் வேறு. அவற்றைத்தான் எழுதுகிறேன்.

நேச்சர் பிரிவுப் படத்தில் எதையாவது அழிப்பது

இந்த ஒன்றைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எங்களோடு கொக்கரெ பெள்ளூருக்கு வந்தார். மண்டியா மாவட்டம், மத்தூர் தாலுகாவில் இருக்கிற ஊர். பெங்களூரிலிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் அங்கே ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய புளியமரங்களில் கூடு கட்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகள்கள் என்று ஊர்க்காரர்கள் அவற்றைச் சொல்வார்கள்.

தம்பிக்கு அன்று அருமையான படம் கிடைத்தது. அலகில் சுள்ளியைக் கவ்விக்கொண்டு, இறக்கையை முழுக்க விரித்துக் கூட்டை நோக்கி இறங்கும் நாரை. காலை வெயில் பட்டு வால் பக்கத்து ரோஜா நிற இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. படத்தின் கீழ் மூலையில் மட்டும் ஒரு வீட்டின் ஓட்டுக் கூரை, கொஞ்சமாக. அதை நேச்சர் (இயற்கை) பிரிவில் ஒரு சலோனுக்கு அனுப்பினார். நடுவர்களுக்குப் பிடித்திருக்கிறது. பரிசுக்கு முன்னால் வழக்கம்போல அசல் ஃபைலைக் கேட்டார்கள். ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த, திருத்தாத ஃபைலை அனுப்பினார். அதில் கூரை இருந்தது, போட்டிக்கு வந்த படத்தில் இல்லை. படம் விலக்கப்பட்டது. அவர் அனுப்பியிருந்த மற்றப் படங்களையும் சேர்த்தே விலக்கினார்கள்.

ஏன் அழித்தீர்கள் என்று கேட்டேன். "ஓடு தெரிஞ்சா மனுஷன் கைபட்ட இடம்னு தூக்கிடுவாங்கன்னு நினைச்சேன் அண்ணா" என்றார்.

ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. விதியைப் பாதி கேள்விப்பட்டிருக்கிறார், அதுதான் வினை. 1950-இல் தொடங்கிய உலகப் புகைப்படக் கூட்டமைப்பான ஃபியாப், 1934-இல் அமெரிக்காவில் தொடங்கிய புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ, 1853-இலிருந்து இங்கிலாந்தில் இயங்கும் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் சேர்ந்து நேச்சர் போட்டிக்கு ஒரு பொது வரையறையை வகுத்தன. நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொள்கின்றன. மனிதன் உண்டாக்கியவை படத்தில் இருக்கக் கூடாது என்று அது சொல்வது உண்மை. ஆனால் மனிதன் மாற்றியமைத்த இடத்துக்குப் பழகி வாழும் உயிரினம் என்றால் அது பொருந்தாது என்றும் சொல்கிறது. அந்தப் பொது வரையறை வந்தபோது அதற்கு உதாரணமாகவே கூகையையும் நாரையையும் குறிப்பிட்டிருந்தது. நாரை! ஊருக்குள் கூடு கட்டும் நாரையின் படத்தில் ஊரின் கூரை தெரிவது குற்றமே இல்லை. அந்தக் கூரைதான் அந்தப் பறவையின் கதை. அனுமதி இருந்த ஒன்றை அழிக்கப் போய், அனுமதி இல்லாத வேலையைச் செய்துவிட்டார்.

கூரை பிடிக்கவில்லை என்றால் கிராப் செய்து, அதாவது ஓரத்தை வெட்டி, விட்டிருக்கலாம். கிராப் செய்வதற்குத் தடையே கிடையாது. அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து அவருடைய கார்டை முழுக்கப் பார்த்தோம். தொடர்ச்சியாக எடுத்ததில் கொஞ்சம் தள்ளி இன்னொரு ஃப்ரேம் இருந்தது. அதே இறக்கை விரிப்பு, அதே சுள்ளி. பறவை சற்று மேலே ஏறியிருந்ததால் கூரை ஃப்ரேமுக்குள்ளேயே வரவில்லை. அதை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. முதலில் கண்ணில் பட்டதை எடுத்து, தேவையில்லாததைத் துடைத்து, அனுப்பிவிட்டார்.

என் கோபம் இங்கேதான். போனிலேயே அழிப்பான் வந்த பிறகு, அங்கே நிற்கும்போதே பார்க்கும் பழக்கம் போய்க்கொண்டிருக்கிறது. கம்பி குறுக்கே வருகிறதா, பரவாயில்லை, வீட்டில் போய் எடுத்துக்கலாம். கிளை மறைக்கிறதா, அதையும் எடுத்துக்கலாம். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் போதும் என்கிற இடத்தில் யாரும் நகர்வதில்லை. பெங்களூரில் வாழ்ந்த நம் தமிழர் டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) ஃபிலிம் காலத்தில் காட்டுயிர்ப் படங்களால் உலக அளவில் பெயர் எடுத்தவர். அவர் காலத்தில் பின்னணியை ஷட்டரை அழுத்தும் முன்பே பார்த்தாக வேண்டும். அந்தப் பார்வைக்கு மதிப்பெண் கொடுப்பதற்காகத்தான் நேச்சர் என்று ஒரு பிரிவே தனியாக இருக்கிறது.

சரி, எது செய்யலாம், எது கூடாது? வெளிச்சம், நிறம், கான்ட்ராஸ்ட் திருத்தலாம், பார்க்க இயற்கையாக இருக்க வேண்டும். சென்சார் தூசியை எடுக்கலாம், நாய்ஸ் என்கிற புள்ளி இரைச்சலைக் குறைக்கலாம். ஃபோகஸ் மாற்றி எடுத்த படங்களை ஒன்றாக்கும் ஃபோகஸ் ஸ்டாக்கிங், வெளிச்சம் மாற்றி எடுத்தவற்றை ஒன்றாக்கும் ஹெச்டிஆர் இரண்டுக்கும் அனுமதி உண்டு. படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக மாற்றலாம். ஒன்றைச் சேர்ப்பது, இடம் மாற்றுவது, கிராப் தவிர வேறு வழியில் நீக்குவது கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுக்கும் இன்ஃப்ராரெட்டும் கூடாது. சிறு புல் நுனியாக இருந்தாலும் இதே விதிதான். "இத்தனூண்டு குச்சிதானே சார்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று. லால்பாக் கண்காட்சியில் எடுத்த டாலியா, ரோஜா எதுவும் நேச்சர் பிரிவுக்குப் பொருந்தாது. வளர்ப்புச் செடி, கலப்பினச் செடி, வீட்டு விலங்கு, பாடம் செய்த உயிரினம் எல்லாமே அந்த வரையறைக்கு வெளியே. ஒவ்வொரு பிப்ரவரியும் எங்கள் போட்டிக்கு இப்படிப் பூக்கள் வந்து குவியும், ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்புவோம். நன்றாக எடுத்திருந்தால், எந்தப் பொருளும் வரலாம் என்கிற ஓப்பன் பிரிவுக்கு அனுப்புங்கள்.

அழித்தே தீர வேண்டும் என்றாலும் ஓப்பன் பிரிவு இருக்கிறது. அங்கேயும் படத்தின் ஒவ்வொரு பகுதியும் நீங்கள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆப் கொடுக்கும் ரெடிமேட் வானத்தை ஒட்டினால் அதுவும் போச்சு.

ரா ஃபைல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கு அனுப்பிய படத்தின் ராவை மட்டும் வைத்துக்கொண்டால் போதாது. முன்னும் பின்னும் எடுத்த ஃப்ரேம்களையும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மொத்த வரிசையையும் இரண்டு இடத்தில் சேமியுங்கள். அதுவரை கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். ஒரு புள்ளியைக்கூட மாற்றாத நேர்மையான படம், காட்ட அசல் இல்லாததால் வெளியேறியதையும் பார்த்திருக்கிறேன்.

மோனோக்ரோமில் ஒரே ஒரு நிறம்

செப்டம்பர் 8-ஆம் தேதி சிவாஜிநகர் மாதா கோயில் திருவிழா முடிந்த மாதம் இது கட்டாயம் வரும். தேர், கூட்டம், மெழுகுவத்தி எல்லாம் கறுப்பு வெள்ளை. நடுவில் ஒரு பெண்ணின் காவிப் புடவை மட்டும் நிறத்தோடு. படம் முழுக்க ஒரே நிறத்தில் டோன் செய்தால் மோனோக்ரோம்தான். ஒரு பகுதிக்கு மட்டும் நிறம் விட்டால் அது வண்ணப் படக் கணக்கில் போய்விடும்.

ஒரே படத்துக்கு இரண்டு பெயர்

ஒரு போட்டியில் தேர்வாகாத படத்துக்குப் புதுத் தலைப்பு வைத்து அடுத்ததற்கு அனுப்பாதீர்கள். ஃபியாப் போட்டிகளில் இதற்குத் தடை இருக்கிறது. முதலில் வைத்த பெயர்தான் கடைசிவரை. அதனால் பெயர் வைக்கும்போதே யோசித்து வையுங்கள்.

கேமரா கொடுத்த எண்ணையே தலைப்பாக விடுவது

வேண்டாம்.

பூ மார்க்கெட்டில் எல்லோரும் ஒரே அம்மாவைச் சூழ்வது

கே.ஆர். மார்க்கெட் நடை எல்லாப் பெங்களூர் கிளப்புக்கும் முதல் பாடம். விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். பேரம், சாமந்திக் குவியல், தலைமேல் மூட்டை, மேலிருந்து விழும் ஒளி. கேமராவைத் தொட்டதே இல்லை என்பவருக்கும் ஒரு படம் கிடைத்துவிடும். சிக்கலும் அதில்தான். ஒருவர் ஒரு நல்ல முகத்தைக் கண்டுபிடித்துக் குனிந்தால் போதும், பின்னாலேயே பத்துப் பேர் குனிவார்கள். வியாபார நேரத்தில் அந்த அம்மா எப்படிப் பூ அளப்பார்? வாங்க வந்தவர் எங்கே நிற்பார்? மாதப் போட்டியில் அதே முகம், அதே கோணம், திரும்பத் திரும்ப. மாடியிலிருந்து கீழே பார்த்து எடுக்கும் பூக்குவியல் படத்துக்கும் இதே கதி. எந்த நடுவரும் அதைப் பார்த்து இனி வியக்கப் போவதில்லை.

அங்கே வியாபாரம் செய்பவர்களில் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க நமக்கு மொழித் தடைகூட இல்லை. கேட்டு, சரி என்றால் எடுங்கள். தலையை ஆட்டி மறுத்தால் நகருங்கள். ஒரு முழம் பூ வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது ஒரு பிரின்ட் போட்டுக் கையில் கொடுங்கள். எங்களில் சிலர் இதைப் பல வருடமாகச் செய்கிறோம். மற்றவர்களுக்குக் கிடைக்காத படம் எங்களுக்குக் கிடைப்பதற்கு லென்ஸ் காரணமில்லை.

அளவு, நிறம், வெளிச்சம்

போட்டி விதியில் படத்தின் அளவு 1920-க்கு 1080 பிக்சல் என்று போட்டிருந்தால் செங்குத்துப் படத்தின் உயரமும் 1080-ஐத் தாண்டக் கூடாது. திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பான எஸ்ஆர்ஜிபியில் மாற்றி அனுப்புங்கள். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால் திரையில் நிறம் செத்துத் தெரியும். பிரின்ட் பிரிவுக்கு அனுப்புவதென்றால் லேப்டாப் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துத் திருத்துங்கள், இல்லாவிட்டால் காகிதத்தில் எல்லாம் இருண்டுதான் வரும். முதலில் சின்ன அளவில் ஒன்று போட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெரியதுக்குப் பணம் கொடுங்கள்.

ஒலியைப் போட்டுப் பறவையை வரவழைப்பது

செய்பவரோடு நாங்கள் நடைக்குப் போவதில்லை.

தன் படம் முடிந்ததும் எழுந்து போவது

மாதக் கூட்டத்தில் நடுவர் ஒவ்வொரு படமாகத் திரையில் போட்டுப் பேசுவார். புதியவர்கள் தங்கள் படம் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். வந்ததும் ஒன்று வாதம் செய்வார்கள், இல்லை போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். கிளப்பில் கற்றுக்கொள்ளக் கிடைப்பதில் பெரும்பகுதி மற்றவர்களின் படங்களைப் பற்றிய அந்தப் பேச்சுதான். உங்கள் படத்தைப் பற்றிச் சொல்லும்போது மனம் படபடக்கும், பாதி காதில் ஏறாது. அடுத்தவர் படத்துக்கு அதே குறையைச் சொல்லும்போது தெளிவாகக் கேட்கும்.

நடுவரோடு ஒத்துப்போக வேண்டும் என்று சொல்லவில்லை. எனக்கே பல தீர்ப்புகள் பிடிப்பதில்லை. சலோன்களில் பெரும்பாலும் மூன்று நடுவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அதைக் கூட்டித்தான் முடிவு வரும். ஒரு படத்துக்குக் கிடைப்பது சில நொடிகள். அந்த நொடிகளில் புரியாத படம் நல்ல படமாகவே இருக்கலாம். அப்படிப்பட்டதைப் போட்டிக்கு அனுப்பாமல் கண்காட்சிக்கு வையுங்கள், பத்து நிமிடம் நின்று பார்க்க ஆள் வருவார்கள்.

முதல் வருடமே பட்டத்துக்கு ஓடுவது

ஃபியாப் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் படம் ஏற்கப்பட ஏற்கப்படக் கணக்குச் சேர்ந்து ஏஃபியாப், ஈஃபியாப் என்று பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வரும். உழைத்து வாங்கியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. புதிதாக வந்தவர் அந்தக் கணக்கில் இறங்கினால் என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எது தேர்வாகும் என்று பார்த்து எடுக்கத் தொடங்குகிறார். கட்டணத்துக்கு மேல் கட்டணம். எல்லோரும் போகிற அதே இடம், அதே மூடுபனி, அதே மாட்டு வண்டி. இரண்டு வருடம் கழித்து அவர் படத்தில் அவர் இருக்க மாட்டார். முதல் வருடம் கிளப்பின் மாதப் போட்டி போதும். அதில் நடுவர் நின்று பேசிய படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் வெளியே அனுப்ப அவைதான் உதவும்.

கடைசி நாள் இரவு அப்லோட் செய்வது

தளம் திணறும். யுபிஐயில் பணம் போய்விடும், படம் போகாது. இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பி, ஏற்கப்பட்டதாக மெயில் வந்ததா என்று பாருங்கள்.